கோட்டை அடிவாரத்தில் ஒரு வெங்காய லோடு

போன வாரம் வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி துள்ளிக்கொண்டே இருந்தது. மூட்டை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். விலை இறங்கியிருக்கிறதே என்ற ஆசையில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்த சின்னச் சாக்குதான். வீட்டில் இருப்பது இரண்டே பேர். இதை என்ன செய்யப்போகிறாய் என்று கணவர் கேட்டதற்கு, கெடாது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பிரித்ததும் முதலில் வந்தது கெட்டுப்போன வாசம்தான். சாக்கு நாரும் காய்ந்த சருகும், அடியில் எங்கோ ஒன்று அழுகத் தொடங்கியதும் சேர்ந்த வாசம். எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அப்பா வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

கைப்பேசியில் துள்ளியது என் தம்பி. பிள்ளைகளுக்கு லீவு விட்டிருக்கிறதாம், எல்லோரும் ஒரு நாள் சங்ககிரிக் கோட்டைக்குப் போகலாமாம். அதற்கென்று ஒரு வாட்ஸப் குழுவே தொடங்கிவிட்டான். சனியா, ஞாயிறா என்று ஓட்டு. கெங்கவல்லியில் இருக்கும் அக்காவுக்கு எழுத்து அடிக்கப் பொறுமை கிடையாது, குரலாகவே அனுப்பினாள். அக்கா மகன் அன்றைக்கு மழை வருமா, காரை எங்கே நிறுத்தலாம் என்று படம் படமாகப் போட்டான். நானும் சும்மா இருக்கவில்லை. யார் யார் என்னென்ன சமைத்துக்கொண்டுவர வேண்டும் என்று நீளமாக ஒரு உத்தரவு போட்டேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஹோட்டலில் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

சாக்கு வெங்காயத்தைத் தரையில் பரப்பி முடிப்பதற்குள் பயணம் உறுதியாகிவிட்டது. இதே கோட்டைக்கு இதே குடும்பத்தைக் கூட்டிப்போக எங்கள் அம்மா ஒரு வருடம் முழுக்கத் திட்டம் போட்டிருக்கிறாள்.

நாங்கள் அப்போது இருந்தது சங்ககிரிக்குச் சற்றுத் தள்ளி, திருச்செங்கோட்டு ரோட்டோரத்தில். கதவைத் திறந்தால் மலை. மலைமேல் கோட்டைச் சுவர் வளைந்து வளைந்து ஏறும். அதைப் பார்த்துக்கொண்டுதான் பல் துலக்குவோம். அதன் தலையில் மேகம் உட்கார்ந்தால் துணி காயப்போட மாட்டோம். எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் ஏறி இறங்கிவிட்டு, நாக்கு வறண்டு போய் எங்கள் பஸ் நிறுத்தத்தில் சோடா கேட்பார்கள். நாங்கள் ஏறியதில்லை. பள்ளிக்கூடத்தில் நாமக்கல் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே உருண்டைப் பாறை மேல் ஏறி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் கோட்டை எங்கே போய்விடப் போகிறது என்று அதை அப்படியே விட்டு வைத்திருந்தோம்.

அந்த வருடம்தான் அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் கெங்கவல்லி. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் ஜில்லாவின் அந்தக் கடைசி. அங்கே போனால் பேச்சே மாறிவிடும், மரியாதைக்கு ஒரு 'ங்க' கூட மிஞ்சாது, மாமியாரை அழைக்கத் தெரியாமல் முழிப்பாய் என்று நானும் தம்பியும் அவளைப் பாடாய்ப் படுத்தினோம். அக்கா சிரிப்பாள். அம்மாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"நம்ம அஞ்சு பேரும் ஒரு நா முழுக்க ஒரே எடத்துல இருந்ததா எனக்கு ஞாபகமே இல்ல சாமி. அவ போறதுக்குள்ள ஒருக்கா எல்லாரும் ஒன்னா மலைக்குப் போயிட்டு வந்தரோணும்."

கேட்டது ஒன்றும் பெரிய ஆசை இல்லை. காசிக்கும் ராமேசுவரத்துக்குமா போகக் கேட்டாள்? கண்ணெதிரே இருக்கும் மலை. ஆனால் அப்பா லாரி டிரைவர். முதலாளி வண்டியில் வடநாட்டு லைன். இங்கிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு போனால், அங்கே இறக்கி, திரும்பி வர லோடு கிடைக்கும்வரை காத்திருந்து, அதை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். என்றைக்கு வருவார் என்பது அவருக்கே தெரியாது.

தெரிந்தாலும் நாங்கள் கேட்க முடியாது. லாரிக்காரர் வீடுகளில் இது ஒரு கட்டு. கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் வண்டிக்கு ஆகாது. அப்பா வண்டியில் ஏறிக்கொண்டு "வாரேன்" என்பார், அம்மா "செரிங்க" என்பாள், அவ்வளவுதான் பேச்சு. விவரம் தெரியாத வயதில் தம்பி ஒரு தடவை "அப்பா, எப்ப வருவீங்க?" என்று கத்திவிட்டான். அப்பா வண்டியை விட்டு இறங்கி, வீட்டுக்குள் வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் புதிதாகக் கிளம்புகிறவர் மாதிரி மறுபடி கிளம்பினார். தம்பிக்கு அன்றைக்கு அம்மாவிடம் நல்ல பூசை.

எப்போது வருவார் என்று கேட்கக் கூடாத மனிதரை வைத்துக்கொண்டு நாள் குறிக்க வேண்டும். இப்போது குழுவில் ஓட்டுப் போடும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆனால் 'என்ன லோடு?' என்று கேட்கலாம், அதில் குற்றமில்லை. அப்பா வடக்கே ஏதாவது பூத்திலிருந்து முதலாளியின் ஆபீசுக்கு டெலிபோன் செய்வார். அந்தச் செய்தி எப்படியோ சுற்றி எங்கள் வீதிக்கு வரும். அம்மாவின் காலண்டர் அதுதான். மிஷின் லோடு என்றால் வழியெல்லாம் செக்போஸ்ட், சாவகாசமாக வரும். பூண்டு என்றால் நடுத்தரம். வெங்காயம் என்றால் அழுகுகிற சரக்கு, எங்கேயும் நிற்காமல் ஓடி வந்துவிட வேண்டும். வெங்காயம் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா வீடு கழுவத் தொடங்கிவிடுவாள். எனக்கு இன்றைக்கும் அந்த வாசத்தில் ஏன் அப்பா வருகிறார் என்று இப்போது புரிந்திருக்கும்.

வீடு கழுவியதும் புளிக்காய்ச்சல். மலைக்குக் கட்டுச்சோறு என்றால் புளிசோறுதான், அதில் அம்மாவுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. காய்ச்சலை முன்கூட்டியே கிண்டி வைத்துவிட்டால், அப்பா வந்த மறுநாள் காலையில் சோறு வடித்துப் பிசைந்துகொண்டு கிளம்பிவிடலாம். நல்லெண்ணெய் மிதக்க, வெந்தயமும் பெருங்காயமும் தூக்க, அம்மா கிண்டுகிற வாசம் ரோடு வரைக்கும் போகும். அப்பா வருவார். வந்ததும் வண்டியைப் பட்டறையில் விட வேண்டும், அடியில் ஸ்பிரிங் பட்டை ஒடிந்திருக்கும், கிரீஸ் அடிக்க வேண்டும். அவர் ஊரில் இருக்கும் பகல் முழுக்கப் பட்டறையிலேயே போய்விடும். சாயங்காலம் கரியும் மண்ணுமாய் வந்து குளித்துச் சாப்பிட உட்காரும்போது அம்மா மெதுவாகத் தொடங்குவாள்.

"புள்ளைங்க மலைக்குப் போலாம்னு சொல்லுதுங்க."

"போலாம், போலாம். நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் விடிந்ததும் புக்கிங் ஆபீசிலிருந்து ஆள் வந்து நிற்கும். லோடு தயார்.

அந்த வருடம் முழுக்க இதுதான் நடந்தது. கிண்டி வைத்த காய்ச்சலை வீணாக்க முடியுமா? தோசைக்கு அதுதான், பழைய சோற்றுக்கு அதுதான். ஒவ்வொரு தடவை மலைப்பயணம் நின்றுபோகும்போதும் எங்களுக்கு ஒரு வாரத்துக்குப் புளிக்காய்ச்சல். தம்பி தட்டைப் பார்த்ததுமே, "மலைக்குப் போகலையா இன்னைக்கும்?" என்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் நாக்குக்குக் கோட்டை என்றால் புளிப்பு என்று பதிந்துவிட்டது.

நான் மட்டும் ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. பயணத்துக்கு நான்தான் வழிகாட்டி என்று எனக்கு நானே பதவி கொடுத்துக்கொண்டிருந்தேன். கோட்டையில் வாசலுக்கு மேல் வாசல் இருக்கிறது, மேலே பெருமாள் கோயில் இருக்கிறது, பாதிவழியில் தர்கா இருக்கிறது என்பதெல்லாம் பக்கத்து வீட்டுப் பாத்திமாக்கா சொல்லித் தெரியும். அவர் நேர்ந்துகொண்டு தர்காவுக்கு ஏறிப்போய் வருகிறவர். மீதிச் சரித்திரத்தை நானே தயாரித்து வைத்திருந்தேன். இந்த இடத்தில் ராஜா குதிரையைக் கட்டினார், இந்த இடத்தில் ராணி பல் துலக்கினார் என்று. பார்க்காத கோட்டையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் அன்றைக்குச் சங்ககிரியில் இருந்திருக்க முடியாது.

மார்கழி பிறந்துவிட்டது. தையில் கல்யாணம். அம்மா மலைப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டாள். அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை பாத்திமாக்கா வந்தார். அவர் வீட்டுக்காரரும் அதே லைன் டிரைவர்தான், அன்று காலையில் வந்து இறங்கியிருந்தார்.

"அக்கா, உங்க ஊட்டு வண்டி வெங்காயம் ஏத்திருச்சாம். எங்களுக்குப் பொறவாலயே வருதாம்."

அம்மா கணக்குப் போட்டாள். வெங்காயம் என்றால் சேலத்து மண்டிதான், எப்போதும் அப்படித்தான். சனிக்கிழமை ராத்திரி வந்து சேர்ந்தால் அங்கேயே இறக்கிவிட்டு, ஞாயிறு விடியக் காலி வண்டியோடு வீட்டில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை புக்கிங் ஆபீஸ் மூடியிருக்கும், எந்த ஆளும் வந்து நிற்க முடியாது. பட்டறையும் லீவு. ஒரு வருடமாகக் கூடிவராத நாள் தானாகவே கூடி வந்து நின்றது.

அன்றைக்கு வீடு பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அம்மா புளியை ஊறப்போட்டாள். அக்கா கடலைக்காயை வறுத்துத் தோலூதினாள். தம்பி குரங்கை விரட்டக் குச்சி தேடினான். பாத்திமாக்கா பெரிய தண்ணிக் கேனைக் கொண்டுவந்து வைத்து, "கீழயே ரொப்பிக்குங்க, மேல சொனைத் தண்ணி பாசி புடிச்சுக் கெடக்கும்" என்றார். அம்மா கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பச்சைச் சேலையை வெளியே எடுத்து, தடவிப் பார்த்து, உள்ளே வைத்து, மறுபடி வெளியே எடுத்தாள். "கட்டிக்கம்மா" என்றாள் அக்கா. "கொறஞ்சா போயிரும்?"

ஞாயிறு காலை புளிசோறு பிசைந்து வாழையிலையில் கட்டி முடித்த நேரத்தில் ரோட்டில் ஹாரன் கேட்டது. மூன்று பேரும் ஓடினோம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தவள், வண்டியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். நாங்கள் அப்பாவைப் பார்த்தோம், அவள் டயரைப் பார்த்தாள். காலி வண்டி நிமிர்ந்து நிற்கும். இது பட்டை நெரிந்து, பின்பக்கம் அமுங்கி, படுதா கூரை மட்டத்துக்கு மேல் உப்பி நின்றது.

"சேலத்துல எறக்கலீங்களா?"

"இது ஈரோட்டு லோடு புள்ள. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, மண்டியில எறக்க ஆள் வராது. நாளைக்கு விடியால போயி எறக்கோணும்."

அம்மாவின் கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது, ஊர் மட்டும் மாறிவிட்டது. அப்பா அன்றைக்கு வீட்டில்தான் இருப்பார், ஆனால் வண்டியை விட்டு நகர முடியாது. லோடு வண்டியைத் தனியாக விட்டுப் போகும் வழக்கமே இல்லை. அதிலும் வெங்காயம். பகலில் படுதாவை விலக்கிக் காற்றோட்டம் காட்ட வேண்டும், மேகம் திரண்டால் இழுத்து மூட வேண்டும். கூடவே இருக்க வேண்டிய கிளீனர், ஊரில் கோயில் நோம்பி என்று தொப்பூரிலேயே இறங்கிக்கொண்டாராம்.

தம்பிக்கு உதடு பிதுங்கிவிட்டது. அக்கா கட்டி வைத்த பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அப்போதுதான் அம்மாவின் பச்சைச் சேலை கண்ணில் பட்டது. பொட்டலங்கள், தண்ணிக் கேன், குச்சி எல்லாம் பட்டது. தலையைச் சொறிந்துகொண்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வண்டியில இருக்கறேன்."

"நீங்க இல்லாம என்னத்துக்குங்க போறது?"

அம்மா அப்பாவிடம் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா வண்டியையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பா சொன்னார், "அப்ப வண்டியவே அடிவாரத்துக்குக் கொண்டு போயிரலாம். ஏறுங்க எல்லாரும்."

உலகத்தில் வேறு யாராவது வெங்காய லோடு லாரியில் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போயிருப்பார்களா என்று தெரியவில்லை. கேபினில் ஐந்து பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பாத்திமாக்கா வாசலில் நின்று சிரித்தார். ஆயுதபூசைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்ததோடு சரி, அம்மா அதற்கு முன் உள்ளே ஏறியதே இல்லை. சீட்டுக்குப் பின்னால் பலகை, அதில் சுருட்டிய ஜமுக்காளம், பல் பிரஷ் செருகிய தம்ளர், சின்ன ஸ்டவ், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சீப்பு. ஒரு மூலையில் அம்மா போன தடவை ஊறுகாய் கொடுத்தனுப்பிய தூக்கு, கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மாதத்தில் முக்கால்வாசி நாள் அப்பா குடியிருந்த வீடு அதுதானே. "தலகாணி இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "துண்டச் சுருட்டி வெச்சுக்குவேன்" என்றார் அப்பா.

அடிவாரத்தில் பெரிய புளியமரம் ஒன்று இருந்தது. அதன் நிழலில் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். மேலே ஏறிக் கயிற்றைத் தளர்த்திப் படுதாவை விலக்கினார். வாசம் குப்பென்று இறங்கியது. மலையேற வந்திருந்த இரண்டு மூன்று குடும்பங்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயின. வழிகாட்டியான எனக்கு மானமே போய்விட்டது. நாங்கள் அந்த லாரியைச் சேர்ந்தவர்கள் இல்லை என்பதுபோல் முன்னால் நடந்து, முதல் வாசலுக்குக் கீழே போய் நின்றுகொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா வரவில்லை. பொட்டலங்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. எனக்குக் கால் வலிக்குது."

குழாயில் தண்ணீர் வராத நாளில் எவ்வளவோ தூரம் இரண்டு குடம் சுமந்து வருகிறவள் சொல்கிறாள் கால் வலி என்று. தம்பி விடவில்லை. "நீயும் வல்லீனா எப்படி எல்லாரும் ஒன்னாப் போறது?" என்று முரண்டு பிடித்தான். அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு பெரிய பங்கு பொட்டலத்தை அம்மா பக்கமே தள்ளிவிட்டு, தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கோட்டை நான் தயாரித்து வைத்திருந்த சரித்திரத்தைவிட நன்றாகவே இருந்தது. ஒரு வாசலைத் தாண்டினால் வழி திரும்பும், திரும்பினால் இன்னொரு வாசல். பாறையை வெட்டிய படிகள் வழவழவென்று இருந்தன. வாசலுக்குள் நுழைந்தால் கல்லின் குளிர்ச்சியும் வௌவால் நாற்றமும் ஒன்றாக வரும். நான் ராணி பல் துலக்கிய இடத்தைக் காட்டினேன். அங்கே குரங்கு ஒன்று உட்கார்ந்து தன் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி கொண்டுவந்த குச்சியை இன்னொரு குரங்கு வாங்கிக்கொண்டு போய்விட்டது. பாத்திமாக்கா சொன்ன தர்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அதற்கு மேல் ஏறி, உச்சிக்குப் போகாமல், சுவர் இடிந்து கீழே எல்லாம் தெரிகிற ஒரு திருப்பத்தில் நின்றோம்.

ரோடு, ரயில் தண்டவாளம், தூரத்தில் எங்கள் வீடு இருக்கும் பக்கம், எல்லாம் தெரிந்தது. கீழே புளியமரம். அதன் பக்கத்தில் எங்கள் லாரி, மேல்பக்கம் திறந்து, வெங்காயம் வெளிறிய சிவப்பாகத் தெரிந்தது. மரத்தடியில் பச்சையாக ஒரு துளி. அம்மா. அப்பா தெரியவில்லை, நிழலுக்குள் இருந்திருப்பார்.

பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். இலை வாசத்தோடு அந்தப் புளிசோறு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், வீட்டில் தின்று சலித்த அதே புளிசோறு என்று என்னால் நம்ப முடியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தம்பி எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டான்.

"போலாமா? அப்பாகிட்டப் போயி குரங்கு குச்சியப் புடுங்கினதச் சொல்லோணும்."

"இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கலாம் கண்ணு" என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"அவங்க பேசிட்டு இருக்கட்டும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டில் பேச முடியாததா? பிறகு யோசித்துப் பார்த்தேன். வீட்டில் அவர்கள் பேசி நான் கேட்டதெல்லாம் அரிசி, பட்டறை, பள்ளிக்கூட ஃபீஸ், கல்யாணச் செலவு. அதுவும் எங்கள் மூன்று பேருக்கும் நடுவில், சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே. அவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த அக்காவுக்கு அது எனக்கு முன்னால் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் எங்களை இறங்கவே விடவில்லை. அந்தப் பக்கம் இன்னொரு வாசல் இருக்கிறது பார் என்பாள். இந்தச் சுனையில் மீன் தெரிகிறது பார் என்பாள். ரோட்டில் போகிற லாரிகளில் எது காலி, எது லோடு என்று பந்தயம் வைத்தாள். தம்பி அலுத்துப்போய்ப் பாறை மேல் படுத்துத் தூங்கினான். நானும் அக்காவும் சுவரில் சாய்ந்து அந்தப் பச்சைத் துளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நகரவே இல்லை. "நல்லாப் பேசறாங்க போல" என்றாள் அக்கா. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. மலைக் காற்று என்றாள். நானும் காற்று என்றே வைத்துக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் இறங்கினோம். அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமுமாகக் கயிற்றை இழுத்துப் படுதாவைக் கட்டினார்கள். ஏன் இத்தனை நேரம் என்று அம்மா திட்டுவாள் என்று பயந்துகொண்டே வந்தேன். திட்டவில்லை. ஒரு வருடமாகப் பார்த்துப் பழகிய அந்த வாடிய முகத்தைக் காணோம். எல்லோரும் ஒன்றாக ஏற முடியாமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாதான் ஏறும்போது சொன்னார், "அடுத்த தடவ காலி வண்டியா வாரேன், எல்லாரும் மேல வரைக்கும் போலாம்."

மறுநாள் விடிவதற்குள் அவர் ஈரோட்டுக்குப் போய்விட்டார். தையில் அக்கா கெங்கவல்லிக்குப் போனாள். அப்புறம் அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. பொங்கலுக்கு அக்கா வந்தால் அப்பா நாக்பூரில் இருப்பார், அப்பா இருந்தால் எனக்குப் பரீட்சை, எல்லோரும் கூடினால் அது யாராவது வீட்டுத் துக்கமாக இருக்கும். நானும் கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்துவிட்டேன். கைப்பேசி வந்தது. இப்போது தொப்பூர் இறக்கத்தில் வண்டி நின்றால் முதலாளிக்கு உட்கார்ந்த இடத்தில் தெரிகிறது, டிரைவர் வீட்டிலும் தாராளமாகக் கேட்கிறார்கள், எப்ப வருவீங்க என்று. அப்பா வண்டி ஓட்டுவதை விட்ட பிறகு முழங்கால் போய்விட்டது, மலைப் பக்கமே பார்க்க முடியாமல் ஆனது. சில வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், வீட்டுக் கட்டிலிலேயே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் போய்ச் சேர்ந்தார். ரோட்டை அகலப்படுத்தும்போது அந்தப் புளியமரத்தையும் எடுத்துவிட்டார்கள்.

அவர் போன பிறகு ஒரு நாள் நானும் அக்காவும் அம்மாவோடு உட்கார்ந்திருந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு வந்தது. அக்காதான் கேட்டாள், அத்தனை வருடம் கழித்தும் கொஞ்சம் கூச்சத்தோடு. அன்னைக்கு அப்படி என்னம்மா பேசிட்டு இருந்தீங்க, நாங்க எறங்கற வரைக்கும்?

"என்னத்தப் பேசினோம்?" என்றாள் அம்மா. "நீங்க வாசல்ல மறையற வரைக்கும் பாத்துட்டு இருந்தாரு. சோறு திங்கறீங்களான்னு கேட்டேன், ம்னாரு. பொட்டலத்தப் பிரிச்சுட்டுத் திரும்பறேன், தூங்கிட்டாரு."

"எந்நேரம் வரைக்கும்?"

"நீங்க எறங்கி வாரதுக்குக் கொஞ்சம் முந்தி வரைக்கும்."

சுவரில் சாய்ந்து கண் கலங்க நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மனிதர் தூங்குவதைத்தான்.

"எழுப்பியிருக்கலாமில்ல?" என்றேன் நான்.

"எதுக்கு எழுப்பறது? கண்ணாலமாயி அத்தன வருசத்துல அந்த மனுசன் பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல சாமி. வந்தாப் பட்டறை, போனா ரோடு. என்ற மடியிலதான் தலைய வெச்சிருந்தாரு, துண்டு வெக்கலாம்னு பாத்தேன், அசைஞ்சா முழிச்சுக்குவாருன்னு விட்டுட்டேன். ஈ ஓட்டிட்டு, லோடப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். காலு மரத்துப் போச்சு. நீங்க சீக்கிரம் எறங்கி வந்துருவீங்களோன்னுதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டாள். இப்போது அந்த வீட்டில் அவள் மட்டும்தான் இருக்கிறாள். நாங்கள் வருகிறோம் என்று சொன்ன நாளில் காலையிலேயே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், வந்து ஒரு மணி நேரத்தில் கிளம்பினால் முகம் வாடிவிடும். பிள்ளைகள் சீக்கிரம் வந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.